அம்மாவின் கெம்பு மோதிரம் பற்றவைத்ததும் வெளுத்துவிட்டது: பத்தர் தவறா, கல்லின் தவறா?

வண்ணாரப்பேட்டை_மகள் · பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். மனசு சரியில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா போன வருஷம் தவறிவிட்டார். அவர் கையில் எப்போதும் கிடந்தது ஒரு மூன்று கல் கெம்பு மோதிரம். 2014ல் நாங்கள் பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. வளையம் தேய்ந்து அறுந்துவிட்டது. தங்கசாலைத் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீட்டுக்கு இருபது வருஷமாக வேலை செய்யும் பத்தரிடம் கொடுத்தேன். மறுநாள் வாங்கிப் பார்த்தால் நடுக்கல் அந்தக் கல்லே இல்லை. முன்பு மாதுளை முத்து மாதிரி இருக்கும். இப்போது உள்ளே சிலந்தி வலை பின்னியது போல வெள்ளைக் கோடுகள், மேலே சவ்வு படர்ந்த மாதிரி ஒரு மங்கல். பக்கத்துக் கற்கள் இரண்டிலும் ஓரத்தில் லேசாக வெளுப்பு.

கல்லை மாற்றிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பட்டறையில் நாலு பேர் இருக்கும்போதே சத்தம் போட்டுவிட்டேன். அவர் "நான் கல்லை மாத்தலம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை. தம்பி போலீசுக்குப் போகலாம் என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம்_அக்கா · பதிவு 2

அடடா, அம்மா நினைவாக இருந்த பொருள் ஆயிற்றே. கல் வைத்த நகையைக் கொடுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்க வேண்டும் என்று எங்கள் மாமியார் சொல்வார். நம்பிக் கொடுத்துவிட்டு வந்தால் இப்படித்தான். தம்பி சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது.

பட்டறைக்காரன் · பதிவு 3

கொஞ்சம் பொறுங்கள். நான் முப்பத்தைந்து வருஷமாக இந்த வேலையில் இருப்பவன். பத்தர் என்பதால் பத்தருக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

கல்லை மாற்றுகிற ஆள் பார்க்க நன்றாக இருக்கிற கல்லைத்தான் வைப்பான். வெளுத்துப்போன கல்லை வைத்து, அதையே உங்கள் கையில் கொடுத்து, உங்கள் வாயில் விழுவானா?

வளையத்தைப் பற்றவைக்கும்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அறுந்த இடத்தில் வெங்காரம் (போராக்ஸ்) தடவுவோம், பற்றவைக்கிற பொடி வைப்போம், கேஸ் டார்ச்சில் ஊதுவோம். கல்லைச் சுற்றி ஈரத்துணி சுற்றியிருப்போம். ஆனாலும் மோதிரம் சின்னப் பொருள், சூடு தங்கத்தின் வழியே கல்லுக்குப் போகத்தான் செய்யும். வேலை முடிந்ததும் கறுப்பு போக நீர்த்த திராவகத்தில் போட்டு எடுப்போம். நல்ல கெம்பு இத்தனையும் தாங்கும். என் அப்பா காலத்தில் கெம்பு வைத்த நகையை இப்படித்தான் வேலை செய்தார்கள், ஒன்றும் ஆனதில்லை.

கடந்த பதினைந்து இருபது வருஷத்தில் வருகிற சில கெம்புகள்தான் தாங்குவதில்லை. தங்கை, ஒரு காரியம் செய்யுங்கள். ஓரத்துக் கல்லை வெயிலில் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் கல்லுக்குள் நீலமாக ஒரு வெட்டு மின்னுகிறதா?

வண்ணாரப்பேட்டை_மகள் · பதிவு 4

அண்ணே, மாடிக்குப் போய் வெயிலில் பார்த்தேன். இடது பக்கத்துக் கல்லில் மீன் செதில் மாதிரி ஒரு நீல மின்னல் வந்து போகிறது. சிவப்புக் கல்லுக்குள் நீலம் எப்படி வரும்? பையனுடைய பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசிமுனை அளவு வட்டமாக ஏதோ தெரிகிறது. நீர்க்குமிழி மாதிரி.

கல்லும்_சொல்லும் · பதிவு 5

நீல மின்னல், குமிழி, திராவகத்துக்குப் பிறகு வெளுப்பு. மூன்றும் சேர்ந்தால் ஈயக் கண்ணாடி நிரப்பிய கெம்பு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். நான் ரத்தினவியல் படித்தவன், பெரம்பூரில் இருக்கிறேன், கல் தரம் பார்ப்பதுதான் பிழைப்பு.

மடகாஸ்கரில் ஆண்டிலமேனா என்ற இடத்தில் குருந்தக் கல் ஏராளமாகக் கிடைத்தது. கெம்பும் நீலமும் குருந்தத்தின் வகைகள்தான். ஆனால் பெரும்பாலும் விரிசல் நிறைந்து, ஒளி புகாமல், சல்லிக்கல் மாதிரி இருந்தது. அதைத் தாய்லாந்துக்குக் கொண்டுபோய், அமிலத்தில் கழுவி, ஈயம் கலந்த கண்ணாடித் தூளோடு உலையில் வைத்தார்கள். கண்ணாடி உருகி, விரிசல்களுக்குள் தண்ணீர் மாதிரி ஓடி உறைந்தது. ஈயம் சேர்ந்த கண்ணாடியின் ஒளிவிலகல் எண், அதாவது வெளிச்சத்தை வளைக்கும் அளவு, கெம்பின் எண்ணுக்கு மிக அருகில் வரும். அதனால் வெளிச்சம் விரிசலில் முட்டித் திரும்பாமல் நேராகப் போய்விடுகிறது. விரிசல் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. சாய்த்துப் பார்க்கும்போது நீங்கள் கண்ட நீல மின்னல் அந்த நிரப்பின் அடையாளம்.

2004ல்தான் இந்தக் கற்களைப் பரிசோதனைக்கூடங்கள் முதலில் கண்டுபிடித்தன. உங்கள் மோதிரம் 2014. அதற்குள் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

இந்தக் கண்ணாடிக்கு டார்ச் ஆகாது, திராவகம் ஆகாது. எலுமிச்சைச் சாற்றில் நெடுநேரம் ஊறினாலே மேல்பரப்பில் அரித்துவிடும். உங்கள் பத்தர் செய்தது வழக்கமான வேலை. கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று விற்றவர்தான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இருந்தாலும் என் பேச்சை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். கழற்றிப் பரிசோதனைக்கூடத்தில் கொடுங்கள்.

ஐசிஎஃப்_ஓய்வு · பதிவு 6

சார், எனக்கு ஒரு சந்தேகம். கோச் ஃபேக்டரியில் வெல்டிங் பிரிவில் இருந்தவன் நான். குருந்தம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும் என்று தெரியும். அதனால்தான் பத்தர் நெருப்புக்கு அசையாது. ஆனால் கெம்பு, நீலம் எல்லாவற்றையும் கடைக்கு வரும் முன்பே சூடு போடுகிறார்களாமே? அது ஏமாற்று இல்லையா? எதிலிருந்து ஏமாற்று ஆரம்பிக்கிறது?

கல்லும்_சொல்லும் · பதிவு 7

நல்ல கேள்வி சார். கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

கல்லைத் தேற்றுவது கல் வியாபாரம் அளவுக்கே பழையது. கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானியர் பிளினி, தன் நூலின் கடைசிப் பகுதி முழுக்கக் கற்களைப் பற்றித்தான் எழுதினார். பளிங்குக்குச் சாயம் ஏற்றி மரகதம் ஆக்கும் முறையைச் சொல்லித்தரும் ஏடுகள் இருக்கின்றன, அவற்றின் பெயரை நான் சொல்ல மாட்டேன் என்கிறார். இதைவிட லாபமான மோசடி வேறு இல்லை என்றும் சொல்கிறார். நம்மையும் விடவில்லை. இந்தியர்கள் பளிங்குக்கு நிறம் ஏற்றிப் போலிக் கல், அதிலும் பெரில் (மரகத இனத்துக் கல்) செய்யக் கற்றிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அதே காலத்தில் நம் கொங்குநாட்டுப் படியூரில் அசல் பெரில் கிடைத்தது, கொடுமணலில் மணி கடைந்தார்கள். நல்ல சரக்கு எங்கே உண்டோ அங்கேதான் போலியும் வரும்.

சூடு போடுவதற்கு வருகிறேன். பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி, கெம்பை நெருப்பிலிட்டால் அதிலுள்ள கறுப்புச் சாயல் போகும் என்று எழுதிவைத்தார். இலங்கையில் தலைமுறை தலைமுறையாகக் கரி நெருப்பில் ஊதுகுழல் வைத்து ஊதி, சிவப்புக் கல்லில் இருக்கும் நீலச் சாயலை எடுத்தார்கள். கல்லுக்குள் வெளிப்பொருள் எதுவும் போகவில்லை. கல்லில் இருந்ததே இடம் மாறியது. அந்த நிறம் திரும்பப் போகாது, பத்தர் நெருப்புக்கும் கலையாது. இதை உலகம் முழுக்க வியாபாரம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் சூடு போடாத நல்ல கல்லுக்குப் பல மடங்கு விலை என்பதால், போட்டதைச் சொல்லியாக வேண்டும்.

1970களில் கதை மாறியது. இலங்கையில் கியூடா என்று ஒரு கல், பால் விழுந்த மாதிரி மங்கலாக இருக்கும். அதைக் குப்பை மாதிரி ஒதுக்கிவைத்திருந்தார்கள். தாய்லாந்து வியாபாரிகள் கிலோக் கணக்கில் வாங்கிப்போனார்கள். அந்தப் பால் நிறம் ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமத்தின் மிக நுண்ணிய ஊசிகள்தான். 1,600 டிகிரிக்கு மேல் அந்த ஊசிகள் கரைந்து, அவற்றிலிருந்த டைட்டானியம் இரும்போடு சேர்ந்து அருமையான நீலம் கொடுத்தது. ஒதுக்கிவைத்த கல் நீலக்கல்லாகத் திரும்பி வந்ததைப் பார்த்த இலங்கைக்காரர்கள் எப்படித் துடித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு அவர்களும் உலை போட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த படி, வெளியிலிருந்து நிறத்தைச் செலுத்துவது. கல்லின் மேல் டைட்டானியத்தைப் பூசி உலையில் வைத்தால் தோல் அளவுக்கு நீலம் ஏறும். மறுபடி பட்டை தீட்டினால் நிறம் போய்விடும். 2001, 2002 வாக்கில் தாய்லாந்திலிருந்து ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த பத்மராக நிறத்தில் கற்கள் கொட்ட ஆரம்பித்தன. அவ்வளவு பத்மராகம் மண்ணில் எங்கே இருக்கிறது? ஆராய்ந்தபோது பெரிலியம் என்ற மிகச் சின்ன அணுவை உலையில் உள்ளே செலுத்தியிருந்தது தெரிந்தது. அது தோலோடு நிற்காது, கல்லின் உள்வரை போய்விடும். பெரிய பெரிய பரிசோதனைக்கூடங்களே தடுமாறிவிட்டன.

என் கோடு இங்கேதான் சார். கல்லில் இல்லாத பொருள் உள்ளே போனதா, அது வாங்குபவருக்குத் தெரியுமா? இந்த இரண்டு கேள்விக்கும் நேரான பதில் கிடைத்தால் எந்தக் கல்லையும் வாங்கலாம்.

வியாசர்பாடி_பேரன் · பதிவு 8

இதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும் போலிருக்கிறது.

எங்கள் தாத்தா ரங்கூனில் இருந்தவர். அறுபதுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். கையில் ஒன்றும் கொண்டுவர விடவில்லை. பாட்டி மட்டும் பாவாடை விளிம்பில் ஒரு சிவப்புக் கல்லைத் தைத்துக் கொண்டுவந்தார். வியாசர்பாடியில் குடிசை போட்டது, பர்மா பஜாரில் கடை பிடித்தது, எத்தனையோ கஷ்டம். அத்தனையிலும் அந்தக் கல்லை விற்கவில்லை. "மொகோக் கல்லுடா, உன் கல்யாணத்துக்கு" என்று என்னிடம் சொல்வார். மொகோக் பர்மாவில் கெம்புக்குப் பேர்போன ஊர்.

என் கல்யாணத்துக்கு மோதிரம் செய்யலாம் என்று பரிசோதனைக்குக் கொடுத்தேன். செயற்கைக் கல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பரிசோதித்தவர் என்னை உட்காரவைத்து நுண்ணோக்கியில் காட்டினார். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடு நேராகக் கோணம் திரும்பும், இதில் கிராமபோன் தட்டு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. பாட்டி அப்போது உயிரோடுதான் இருந்தார். நான் சொல்லவே இல்லை. அந்தக் கல்லையே மோதிரத்தில் வைத்துப் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் என் விரலில்தான் இருக்கிறது.

கல்லும்_சொல்லும் · பதிவு 9

தம்பி, படித்துவிட்டுச் சற்று நேரம் எழுதவே முடியவில்லை.

அந்த வளைகோடு வெர்நாய் முறையின் கையெழுத்து. பிரான்சில் ஒகஸ்த் வெர்நாய் என்பவர் அலுமினாத் தூளைச் சுடர் வழியாக விழச்செய்து, துளித்துளியாக உருக்கிக் கெம்பு வளர்த்தார். 1902ல் வெளியிட்டார். அதன் பிறகு கெம்பு விளையும் ஊர்களுக்கே அது போய்ச் சேர்ந்தது. கல் கிடைக்கும் இடத்தில் வாங்கினால் அசலாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்களிடம்தான் அதை விற்பார்கள். உங்கள் தாத்தா பாட்டி அந்த நம்பிக்கையில்தான் வாங்கியிருப்பார்கள்.

பர்மா என்றதும் இன்னொன்று. 1990களின் ஆரம்பத்தில் மொங் சூ என்ற இடத்தில் புதிதாகக் கெம்பு கிடைத்தது. நடுவில் கருநீலமாக ஒரு கரு இருக்கும், விரிசலும் அதிகம். சூடு போட்டால் நீலம் போய்விடும். வெங்காரத்தைச் சேர்த்துச் சூடு போட்டால் விரிசலின் சுவர்கள் கரைந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். அதாவது விரிசல் ஆறிவிடும், கொஞ்சம் கண்ணாடி மிச்சமிருக்கும். ஈயக் கண்ணாடி நிரப்பு வருவதற்கு முன் வந்த படி இது. பத்தர் கையிலிருக்கும் அதே வெங்காரம்தான்.

கொத்தவால்_சாவடி · பதிவு 10

என் கருத்து வேறு. சூடு, எண்ணெய், கண்ணாடி எல்லாமே கலப்படம்தான். மிளகில் பப்பாளி விதை கலந்தால் சும்மா விடுவோமா? கொஞ்சமாகக் கலந்தேன், எல்லோரும் கலக்கிறார்கள், சொல்லிவிட்டுக் கலந்தேன் என்று வியாபாரி சொன்னால் ஏற்றுக்கொள்வோமா? மொத்தமாகத் தடை செய்ய வேண்டும்.

கல்லும்_சொல்லும் · பதிவு 11

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மரகதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரிசல் இல்லாத மரகதம் என்பது அபூர்வத்திலும் அபூர்வம். தேவதாரு எண்ணெயைச் சுடவைத்து அந்த விரிசலில் ஏற்றுவது நூற்றாண்டுகளாக நடக்கிறது. வெட்டும்போதே எண்ணெய் உள்ளே போகும். தடை செய்தால் சந்தையில் மரகதமே இருக்காது. எண்ணெய் காய்ந்தால் திரும்ப ஏற்றலாம், கல்லுக்குக் கேடில்லை. அதே எண்ணெயில் பச்சைச் சாயம் கலந்து வெளிறிய கல்லைக் கரும்பச்சையாகக் காட்டினால் அது மோசடி. எண்பதுகளுக்குப் பிறகு எண்ணெய்க்குப் பதிலாகப் பிசின் ஏற்றுகிறார்கள். சில பிசின்கள் நாளாக ஆக மங்கி, எடுக்கவும் வராமல் கல்லைக் கெடுக்கின்றன. மூன்றையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

உங்கள் உவமையையே சொல்கிறேன். அரிசியைப் புழுக்குவது பக்குவம். அரிசியில் கல் கலப்பது கலப்படம்.

கொத்தவால்_சாவடி · பதிவு 12

புழுங்கல் அரிசியைப் புழுங்கல் என்று மூட்டையில் எழுதித்தான் விற்கிறோம். கல்லுக்கு எங்கே எழுதியிருக்கிறது?

கல்லும்_சொல்லும் · பதிவு 13

அந்த இடத்தில் உங்களோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். அதில் பதித்த கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. முத்திரை இருக்கிறதே என்று கல்லையும் நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

பவளக்காரத்தெரு · பதிவு 14

மண்ணடியில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் ஒரு விஷயம் சேர்க்கிறேன். வைரத்தைப் பற்றிப் பேசும்போது நம் தெருக்களை விட்டுவிடக் கூடாது.

பதினேழாம் நூற்றாண்டில் உலகத்துக்கு வைரம் கொடுத்தது இந்தியா. பிரேசிலில் 1720களில்தான் கிடைத்தது, தென்னாப்பிரிக்காவில் 1860களில். கிருஷ்ணா ஆற்றங்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்து வைரம் சென்னைக் கோட்டைக்கு வந்து கப்பல் ஏறும். லண்டன் யூத வணிகர்கள் மத்தியதரைக்கடல் பவளத்தையும் வெள்ளியையும் இங்கே அனுப்பி, பதிலுக்கு வைரம் வாங்கினார்கள். பவளக்காரத் தெருவின் பெயர் அந்த வியாபாரத்தின் மிச்சம். நான் தினமும் அந்தத் தெருவில்தான் மீன்பாடி வண்டிக்கு வழிவிட்டு நடக்கிறேன்.

கோட்டை கவர்னர் தாமஸ் பிட் 1702ல் ஜாம்சந்த் என்ற வணிகரிடம் 410 கேரட் பட்டை தீட்டாத வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். லண்டனில் வெட்டியதும் ஏறக்குறைய 141 கேரட் ஆனது. 1717ல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளர் வாங்கினார். இப்போது லூவ்ரில் இருக்கிறது.

கொல்லூருக்குப் போன பிரெஞ்சு வணிகர் தவேர்னியே ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். சுத்தமான கல்லென்றால் நம் ஆட்கள் லேசாக மேலே சாணை பிடிப்பதோடு விட்டுவிடுவார்களாம். கரும்புள்ளியோ செம்புள்ளியோ விரிசலோ இருந்தால், அது தெரியாதபடி கல் முழுக்கப் பட்டை போட்டுவிடுவார்களாம். பட்டை நிறைய இருந்தால் குறையை மறைத்திருக்கிறார்கள் என்று அப்போது வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் நாலு குற்றத்தையும் பெயர் சொல்லிவிட்டது. குற்றத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அதை மறைக்கும் வழியும் தெரிந்துதான் வைத்திருப்பார்கள்.

ராயபுரம்_அக்கா · பதிவு 15

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதிவு 2ல் அந்தப் பத்தரைப் பற்றி அவசரப்பட்டு எழுதிவிட்டேன். தப்புதான்.

என் மாமியார் கொடுத்த ஏழு கல் வைரத் தோடு இருக்கிறது. ப்ளூ ஜாகர், குளோஸ்டு செட்டிங். வாங்கும்போது மூன்று நாள் சாமி அறையில் வைத்துப் பார்த்து, வீட்டில் நல்லது நடந்த பிறகுதான் பணம் கொடுத்தார்களாம். வெயிலில் லேசாக நீலம் அடிக்கும். அதுவும் ஏதாவது பூச்சாக இருக்குமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

கல்லும்_சொல்லும் · பதிவு 16

பயப்படாதீர்கள் அக்கா. ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயர், நம் வாயில் அப்படிச் சுருங்கிவிட்டது. 1870ல் அங்கே வைரம் கிடைத்தது, 1971ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்த வெள்ளைக் கற்களில் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும் குணம் உண்டு. பூச்சு இல்லை, பிறவிக் குணம். நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று அடித்துவிடும் என்பதால், லேசான மஞ்சள் இருந்தாலும் வெயிலில் வெள்ளையாகத் தெரியும். நம் பாட்டிகள் அந்த நீலத்தைக் கேட்டு வாங்கினார்கள். இன்று அதே பெயரை எந்தச் சுரங்கத்துக் கல்லுக்கும் ஒட்டி விற்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பட்டறைக்காரன் · பதிவு 17

குளோஸ்டு செட்டிங் பற்றி நான் சொல்கிறேன். கல்லுக்குப் பின்பக்கம் தங்கத்தால் மூடி, நடுவில் பளபளப்பான ரேக்கு, அதாவது மெல்லிய உலோகத் தகடு, வைப்பார்கள். மேலே விழுந்த வெளிச்சம் ரேக்கில் பட்டுத் திரும்பி வரும், கல் எரியும். கோயில் நகையில் கெம்புக்குக் கீழே சிவப்பு ரேக்கு வைத்தால் வெளிறிய கல்லும் ரத்தச் சிவப்பாகத் தெரியும். இது ஒளிவுமறைவு இல்லாத வேலை. நகை செய்யச் சொல்பவருக்கும் தெரியும், செய்பவருக்கும் தெரியும்.

அப்பா ரேக்கு வைப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கல்லுக்கு நாலைந்து ரேக்கு வெட்டி வைத்துக்கொள்வார். ஒவ்வொன்றாகச் சாமணத்தில் எடுத்துக் குழியில் இறக்கி, மேலே கல்லை வைத்து, வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்ப்பார். திரும்ப வருவார், எடுப்பார், அடுத்ததை வைப்பார். மூச்சுக்காற்று பட்டால் ரேக்கு பறந்துவிடும் என்று அந்த நேரத்தில் பேச மாட்டார். ஒரு ஜோடித் தோட்டின் பதினாலு கல்லும் ஒரே மாதிரி எரிய ஒரு பகல் போய்விடும்.

அக்கா, அந்தத் தோட்டை வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். பின்பக்கம் தண்ணீர் இறங்கினால் ரேக்கு கறுத்து, வைரம் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கழற்றிப் புது ரேக்கு வைத்தால் சரியாகும்.

ஐசிஎஃப்_ஓய்வு · பதிவு 18

கெம்பு, மரகதம் சரி. வைரத்தையும் தேற்றுகிறார்களா? அதைவிடக் கடினமான பொருளே இல்லையே.

கல்லும்_சொல்லும் · பதிவு 19

தேற்றுகிறார்கள் சார். பழைய வழி பூச்சு. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி, போப் மூன்றாம் பவுலின் வைரத்துக்குப் பின்பக்கச் சாயம் போட்டதைப் பெருமையாக எழுதியிருக்கிறார். முன்பு சாயம் போட்டவரைவிடத் தான் நன்றாகப் போட்டதுதான் அவருக்குப் பெருமை. அப்போது அது ஒரு மதிப்புள்ள கைவேலை. மஞ்சள் வைரத்தின் விளிம்பில் ஊதா மையைத் தொட்டு வெள்ளையாகக் காட்டுவது அதன் ஏமாற்று வாரிசு.

1904ல் இங்கிலாந்தின் வில்லியம் குரூக்ஸ், வைரத்தை ரேடியம் உப்புக்குள் புதைத்துவைத்தார். எடுத்தபோது பச்சையாக மாறியிருந்தது. அப்படி ஒன்றை 1914ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதில் கதிர்வீச்சு இன்னும் மிச்சமிருக்கிறது. இன்று நிற வைரத்துக்கு எலெக்ட்ரான் கற்றையும் அணு உலையும் பயன்படுகின்றன. கதிரியக்கம் தணிந்த பிறகுதான் விற்பனைக்கு விட வேண்டும்.

1970 வாக்கில் லேசர் வந்தது. கல்லுக்குள் கரும்புள்ளி இருந்தால், முடியைவிட மெல்லிய துளை போட்டு, அமிலம் செலுத்தி வெளுக்கவைப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளை இழை மாதிரி துளை தெரியும். எண்பதுகளில் இஸ்ரேலில் ஸ்வி எஹூதா என்பவர் வைரத்தின் விரிசலில் கண்ணாடி நிரப்பும் வழி கண்டுபிடித்தார். அந்த மோதிரக் கெம்பில் பார்த்த அதே தத்துவம், அதே மாதிரி மின்னல், பத்தர் நெருப்பில் அதே ஆபத்து.

எல்லாவற்றையும்விட வியாபாரத்தை உலுக்கியது 1999 மார்ச் அறிவிப்பு. 1954ல் ஆய்வகத்தில் வைரம் செய்துகாட்டிய ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், பழுப்பு வைரங்களில் நைட்ரஜன் இல்லாத அபூர்வ வகையை எடுத்து, கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் நிறமற்றதாக்கியது. பழுப்பு என்பது அழுக்கு இல்லை சார். பூமிக்குள் நசுங்கி அணு வரிசை கலைந்த தழும்பு. அதை ஆற்றிவிட்டார்கள். உள்ளே ஒரு பொருளும் போகவில்லை, துளையில்லை, பூச்சில்லை. கொல்லூர் போன்ற நம் பழைய சுரங்கங்களிலிருந்து வந்த நல்ல கோல்கொண்டா வைரமும் அதே நைட்ரஜன் இல்லாத வகைதான். லென்ஸை வைத்துப் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது, என் குருவாலும் முடியாது. ஆய்வகக் கருவி வேண்டும். அந்தச் செய்தி வந்த வாரம், கண்ணை மட்டும் நம்பிப் பிழைத்த பழைய ஆட்கள் எப்படி வாடிப்போனார்கள் என்று என் குரு சொல்லியிருக்கிறார்.

நெறியாளர் · பதிவு 20

ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் பற்றி நாலைந்து பேர் கேட்டிருந்த கேள்விகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே இயற்கைக் கல்லைத் தேற்றுவது பற்றி மட்டும் பேசுவோம். கடைப் பெயர்களைப் போடாதீர்கள்.

வண்ணாரப்பேட்டை_மகள் · பதிவு 21

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. மூன்று கல்லும் ஈயக் கண்ணாடி நிரப்பிய கெம்பு. நீங்கள் சொன்ன அதே வார்த்தைகள்.

2014ல் வாங்கிய ரசீதைத் தேடி எடுத்தேன். "ரூபி" என்று ஒரே சொல், எடை, விலை. அவ்வளவுதான். விற்ற கடையில் கேட்டதற்கு, அப்போது எல்லோரும் அப்படித்தான் விற்றார்கள் என்றார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று ஒரு வக்கீலிடமும் கேட்டேன். இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டுமாம். எப்போதிலிருந்து கணக்கு, தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

நேற்று பத்தர் பட்டறைக்குப் போனேன். வாசலில் நின்றுகொண்டே "தப்பா பேசிட்டேன் அண்ணே" என்றேன். உட்காரச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார். அறிக்கையை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே புதிதாக வாங்கிய சிவப்புக் கல் ஒன்று. நான் கத்திவிட்டுப் போன மறுநாளே எனக்குக் கொடுப்பதற்காகத் தன் காசில் வாங்கிவைத்திருக்கிறார். அவர் வருமானத்துக்கு அது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

பட்டறைக்காரன் · பதிவு 22

அதை வாங்கிக்கொள்ளாதீர்கள் தங்கை.

வண்ணாரப்பேட்டை_மகள் · பதிவு 23

வாங்கவில்லை அண்ணே. திருப்பிக் கொடுத்து அவர் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பற்றவைத்த கூலியையும் கொடுத்தேன். முதலில் மறுத்தார், அம்மா பேரைச் சொன்னதும் வாங்கிக்கொண்டார்.

கல்லைப் பற்றி அவரிடமே கேட்டேன். பழுதான நடுக்கல்லை என்ன செய்வது என்று. சாமணத்தில் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினார். கண்ணாடி அரித்துப்போன இடத்தில் வெள்ளை வலை. அதற்கு நடுவில் இன்னும் கொஞ்சம் அசல் சிவப்பு. "இந்தச் செவப்பு மண்ணுல வந்ததுமா, இது பொய் இல்ல" என்றார். அதையே திரும்பப் பதித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை கல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நெருப்பு காட்டினார். வெள்ளிக்கிழமை போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.